ஐந்து பேர், ஒரு போன், மூடிய வாய்

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்காக ஐபிஎம் ஒரு குரல் அஞ்சல் அமைப்பை உருவாக்கியது. வீரர்கள் தங்கும் குடியிருப்புகளில் நிறுத்தப்பட்ட கூண்டுகளுக்குப் போனால், ஊரிலிருந்து அம்மாவோ நண்பரோ பேசிவைத்த செய்தியைக் கேட்கலாம். பல நாட்டவர், பல மொழியினர். எல்லோரும் கணினி பழகியவர்கள் என்று நம்ப முடியாது. அந்தக் கூண்டு எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, ஜான் கூல்டும் அவர் குழுவினரும் உள்ளே ஒன்றுமில்லாத ஓர் உருளையைச் செய்து, நியூயார்க் மாநிலத்து யார்க்டவுன் ஆய்வகத்தின் நடைவழியில் வைத்தார்கள். போகிறவர் வருகிறவர் நின்று பார்த்துக் குறை சொன்னார்கள். அதற்கும் முன்பு, அமைப்பும் பயனரும் பேசிக்கொள்ளப்போவதை வெறும் தாளில் அச்சிட்டுக் காட்டி அபிப்பிராயம் கேட்டிருந்தார்கள். ஐபிஎம்மிடம் பணத்துக்குப் பஞ்சமா? தாளில் இருக்கும்போது திருத்த ஒரு பேனா போதும் என்பதுதான் காரணம்.

இந்தச் சிக்கனத்தை ஒரு முறையாகவே வகுத்துக் கொடுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த யாகோப் நீல்சன். பயனர் ஆய்வு என்றாலே ஒருபக்கக் கண்ணாடி பதித்த அறை, வீடியோ கேமராக்கள், புள்ளியியல் அட்டவணைகள் என்றிருந்த 1989-இல், ‘தள்ளுபடி விலை’ ஆய்வு என்று அவர் ஒன்றை முன்வைத்தார். அரைகுறை மாதிரி போதும். சில பொது விதிகளை வைத்துத் திரையை அலசினால் போதும். சிலரை உட்காரவைத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பயன்படுத்தச் சொன்னால் போதும். கடைசியாகச் சொன்னதுதான் இந்தக் கைவினையின் உயிர். உளவியலாளர்களிடமிருந்த அந்த உத்தியை 1982-இலேயே ஐபிஎம்மின் கிளேட்டன் லூயிஸ் கணினித் துறைக்குக் கொண்டுவந்திருந்தார்.

இன்று அதற்கு வேண்டியவை ஒரு மேசை, இரண்டு நாற்காலி, திரையைப் பதிவு செய்யும் வசதியுள்ள ஒரு போன். போன் சோதனைக்கு வருகிறவருடையதாகவே இருந்தால் இன்னும் நல்லது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார், கண்ணாடி கீறியிருக்கும், ‘இடமில்லை’ என்ற எச்சரிக்கை நடுவில் வந்து மறிக்கும். வடிவமைப்பாளரின் புதுப் போனில் பாந்தமாக உட்கார்ந்திருந்த பொத்தான் இங்கே திரைக்குக் கீழே எங்கோ போயிருக்கும். பதிவுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஓடிபி, கடவுச்சொல் வரும் இடத்தில் பதிவை நிறுத்திவிட வேண்டும்.

பாதிப் பரீட்சை, வேலையைச் சொல்லும் விதத்திலேயே முடிந்துவிடும். ரயில் முன்பதிவுச் செயலி ஒன்றைச் சோதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். “பயணியைச் சேர் என்பதை அழுத்துங்க” என்று சொன்னால், வந்தவர் அந்தச் சொல்லைத் திரையில் தேடிப் பிடித்து அழுத்திவிடுவார். நமக்குக் கிடைத்தது அவருக்கு எழுத்து தெரியும் என்ற தகவல் மட்டும். “வெள்ளிக்கிழமை ராத்திரி அப்பாவைக் கூட்டிக்கிட்டு மதுரைக்குப் போகணும். அவரால மேலே ஏற முடியாது. டிக்கெட் போடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். லோயர் பெர்த்தை எங்கே கேட்பது என்று அவர் விரல் அலைவது அப்போதுதான் தெரியும்.

அதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். செயலியை உருவாக்கியவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. கண்ணெதிரே பொத்தான் இருக்கிறது, வந்தவர் அதைத் தாண்டித் தாண்டிப் போகிறார். நமக்கோ கை துறுதுறுக்கிறது. “இதை அழுத்தவா சார்?” என்று அவரே கேட்டாலும், “வீட்ல தனியா இருந்தா என்ன பண்ணுவீங்க?” என்று கேள்வியைத் திருப்பிவிடுவதுதான் மரபு. கூட இன்னொருவர் குறிப்பெடுக்கலாம். “குழம்பினார்” என்று எழுதுவது நம் ஊகம். “பின்செல்லும் அம்பை மூன்று முறை அழுத்தினார், ‘காசு போயிடுச்சா?’ என்றார்” என்பது குறிப்பு.

முடிவில் “செயலி எப்படி இருக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அந்தக் கேள்வியையே தடை செய்வேன். விருந்துக்கு வந்தவரிடம் சாப்பாடு எப்படி என்றால் பிரமாதம் என்றுதான் சொல்வார். இலையில் எது மிச்சம் என்று பார்ப்பவருக்கே சமையலின் சேதி தெரியும்.

இந்த மரியாதை இந்திய ஆய்வாளர்களுக்குப் பழைய தலைவலி. மும்பையில் பணியாற்றிய அபலா லாஹிரி சவான் இதற்குக் கண்ட மருந்து ‘பாலிவுட் முறை’. வந்தவரிடம் வெறுமனே விமான டிக்கெட் எடுக்கச் சொல்லாமல் ஒரு சினிமாக் கதை சொன்னார்: உங்கள் உடன்பிறந்தாரின் செல்ல மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை ஏற்கெனவே மணமானவன், கூலிக்குக் கொலை செய்பவன் என்று இப்போதுதான் தெரிகிறது, அவன் மனைவியையும் அழைத்துக்கொண்டு உடனே பெங்களூர் போய்க் கல்யாணத்தை நிறுத்த வேண்டும், டிக்கெட் போடுங்கள்! கதைக்குள் போனவர்களுக்குச் சபை மரியாதை மறந்துவிட்டது. தளத்தின் குறைகளைப் பொரிந்து தள்ளினார்கள். இதற்கு ஆன கூடுதல் செலவு, கொஞ்சம் கற்பனை.

அதே பெங்களூரில் 2000-களின் நடுவில், மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் இந்திராணி மேதி, வீட்டுவேலை தேடும் எழுத்தறியாப் பெண்களுக்காக எழுத்தே இல்லாத திரைகளை வரைந்து, அவர்களோடு உட்கார்ந்தே திருத்தினார். பாத்திரமும் குழாயும் மட்டும் இருந்த படம் அவர்களுக்குச் சமையலறையின் ஒரு மூலை. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதாக வரைந்த பிறகுதான் அது பாத்திரம் துலக்கும் வேலை ஆயிற்று. எத்தனை ஆயிரம் பேருக்குக் கேள்வித்தாள் அனுப்பியிருந்தாலும் இந்தத் தண்ணீர் கிடைத்திருக்காது.

சரி, எத்தனை பேர் வேண்டும்? நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களை வெளிக்கொண்டுவருகிறார். இரண்டாமவர் காட்டுவதில் ஒரு பகுதி முதலாமவர் காட்டியதே. இப்படியே போனால் ஐந்தாமவரோடு சுமார் 85 சதவீதம் வந்துவிடும். அதற்குமேல் பெரும்பாலும் பார்த்ததையே பார்ப்போம். ‘ஐந்து பேர் போதும்’ என்பது அங்கிருந்து வேதவாக்காகிவிட்டது. லாரா ஃபால்க்னர் 2003-இல் 60 பேரைச் சோதித்து, அவர்களை ஐந்தைந்தாகக் கலைத்துப்போட்டுப் பார்த்தார். சராசரி 85-ஐ ஒட்டியே வந்தது. ஆனால் ஒரு ஐவர் கூட்டம் 99 சதவீதத்தைப் பிடிக்க, இன்னொன்று 55-ஐத்தான் தொட்டது. எந்த ஐவர் நமக்கு வாய்ப்பார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. ஐவரும் பக்கத்து மேசை நண்பர்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஐவரில் மூவர் தடுமாறினால் “60 சதவீதப் பயனர்கள் தடுமாறுகிறார்கள்” என்று அறிக்கை எழுதுவதும் கூடாது. எத்தனை பேர் என்பதற்கு வேறு ஆய்வு இருக்கிறது. இங்கே கிடைப்பது எங்கே, ஏன் என்பவை மட்டும். 15 பேரை வரவழைக்கப் பணம் இருந்தாலும் ஒரே மூச்சில் செலவழிக்காமல், ஐந்தைந்தாக மூன்று முறை வைக்கச் சொல்கிறார் நீல்சன். முதல் ஐவர் காட்டியதை அந்த வாரமே திருத்திவிடலாம். அந்தத் திருத்தமே புதுக் கோளாறாக முளைத்திருந்தால், அடுத்த ஐவர் அதில் இடறுவார்கள்.