ஒட்டாமல் பிரேம் போடுபவரைத் தேடுங்கள்

19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் காக்காய்ப்பொன் தகட்டில் படம் எழுதினார்கள். தொழிலாளிகள், தெய்வங்கள், சாமி ஊர்வலங்கள் என்று தொகுதி தொகுதியாக வரைந்து ஆங்கிலேயர்களுக்கு விற்றார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் அவை இன்றும் இருக்கின்றன. ஒளி ஊடுருவும் அந்தத் தகடு வண்ணத்தை உறிஞ்சாது. வண்ணம் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். தகடோ ஏடு ஏடாகப் பிரியக்கூடிய கனிமம். அதன்மேல் கண்ணாடியை வைத்து இறுக்கினால், பிறகு கண்ணாடியைப் பிரிக்கும்போது வண்ணமும் உரிந்து வந்துவிடலாம்.

காக்காய்ப்பொன் ஓவியம் நம் வீட்டில் இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் தாத்தா பாட்டியின் கல்யாண போட்டோ இருக்கும். பூஜை அறையில் ரவிவர்மா அச்சகத்துப் படம் இருக்கும். சீர்வரிசையாக வந்த தஞ்சாவூர் ஓவியமும் இருக்கலாம். பிரேம் போட்டாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று நினைக்கிறோம். ஆனால் பல படங்கள் பாழாவது அந்தப் பிரேமுக்குள்தான்.

முதல் எதிரி ஈரம். திருச்சியை ஒட்டிய ஸ்ரீரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்; அது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே வெளிச்சுவர் நனைந்து காய நாளாகும். பழைய கறுப்பு வெள்ளை போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் அது ஊறி இளகும். கண்ணாடி அதைத் தொட்டுக்கொண்டிருந்தால், காயும்போது அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய போட்டோவை வீட்டில் பிய்க்கவே கூடாது. முகமே கண்ணாடியோடு போய்விடும்.

இரண்டாவது எதிரி, படத்துக்குப் பின்னாலும் முன்னே ஓரங்களிலும் வைக்கும் அட்டை. மலிவான மரக்கூழ் அட்டையிலும் ஹார்டுபோர்டிலும் லிக்னின் என்ற பொருள் உண்டு. நாளாக ஆக அது அமிலமாகச் சிதைந்து தாளுக்குள் இறங்கும். பழைய பிரேம் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: படம் தெரிய நடுவில் ஜன்னல்போல் வெட்டிய முன் அட்டை தொட்ட ஓரமெல்லாம் பழுப்புக் கோடாக எரிந்திருக்கும்; அங்கே தாளை மடித்தால் முறியும்.

மூன்றாவது எதிரி வெளிச்சம். வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் வண்ணத்தை வெளிறச் செய்யும். அதைத் தடுக்கும் தரமான கண்ணாடி 97 சதவீதத்துக்கு மேல் வடிகட்டிவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் வண்ணத்தைத் தின்னும். ஆகவே அந்தக் கண்ணாடியைப் போட்டாலும் ஜன்னலுக்கு எதிரே படத்தை மாட்டாதீர்கள்.

இத்தனையையும் தெரிந்த பிரேம்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது? கடையில் சட்டங்களின் அழகைப் பார்ப்பதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள்.

படத்தை எதனால் பொருத்துவீர்கள்? "முழுக்க ஒட்டிடுவோம், சுருங்கவே சுருங்காது" என்று பதில் வந்தால் படத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். மரவேலைக்கு உதவும் வெள்ளைப் பசை காய்ந்தால் பிரிக்க முடியாது. செலோ டேப்பின் பிசின் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறும். மயில்துத்தம் கலந்த மைதாப் பசை பூச்சியைத் தடுக்கும், ஆனால் துத்தத்திலுள்ள தாமிரம் தாளை அரிக்கும். அருங்காட்சியகங்களில் செய்வது வேறு: படத்தின் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு சிறு துண்டு ஜப்பானியத் தாளை, சுத்தப்படுத்திய கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டித் தொங்கவிடுவார்கள். தாள் ஈரத்தில் விரியவும் வெயிலில் சுருங்கவும் இடம் கிடைக்கும். ஈரம் காட்டினால் பசை இளகும். படம் பழையபடி கைக்கு வரும்.

கண்ணாடி படத்தைத் தொடுமா? தாள் படத்துக்கு, ஜன்னல் வெட்டிய மவுண்ட் அட்டையின் கனமே போதுமான இடைவெளி தரும். தஞ்சாவூர் ஓவியத்தில் சுதை வேலையும் கல்லும் மேலெழும்பி நிற்பதால், உள்ளே கட்டை கொடுத்துப் பெட்டிபோல் ஆழமான சட்டம் வேண்டும்.

அட்டை அமிலமற்றதா? கடையில் இல்லையென்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். சட்டத்துக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சத்தைக் குறைத்து அட்டைக்குக் கொடுப்பது நல்ல செலவு.

படத்தை வெட்டுவீர்களா? அளவு சேரவில்லை என்று ஓரத்தை நறுக்குவதுண்டு. ஸ்டுடியோ முத்திரை, கையெழுத்து, தேதி எல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

நான்குக்கும் அடிப்படை ஒன்றே. நாளைக்கு வேறொருவர் பிரிக்கும்போது படம் இன்றிருப்பதுபோலவே வெளியே வரவேண்டும். இதை மதிக்கிறவர் சிறிய தெருக்கடையில் இருந்தாலும் நல்ல பிரேம்காரர்தான். வண்ணம் ஏற்கெனவே உதிர்கிற படத்தையும், கண்ணாடியில் ஒட்டிய போட்டோவையும் மட்டும் அவரிடமும் கொடுக்க வேண்டாம். அவை பாதுகாப்பு வல்லுநர் கைபட வேண்டியவை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே ஒரு வேதியியல் ஆய்வகம் 1930 முதல் இயங்குகிறது; யாரை அணுகலாம் என்று அங்கே விசாரிக்கலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின், வெளிச்சுவரைத் தவிர்த்து உள்சுவரில் மாட்டுங்கள். பிரேமின் பின்புறம் கீழ்மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். எந்த அட்டை, எந்தப் பசை, எந்தத் தேதி என்று ஒரு சீட்டில் எழுதிப் பின்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த தலைமுறையில் அதைப் பிரிக்கப் போகிறவருக்கு அந்தச் சீட்டு பெரிய உதவி.