மூன்றே நாளில் மூட்டுவலி போனால் சந்தேகப்படுங்கள்

மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் மூட்டுவலிக்காரர்களுக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. "இந்த ஜாமுவைச் சாப்பிட்டுப் பாருங்கம்மா" என்று யாராவது ஒரு மூலிகை மருந்துப் பொட்டலத்தை நீட்டுவார்கள். இவற்றில் சிலவற்றைச் சாப்பிட்டால் பல மாத வலி மூன்றே நாளில் பறந்துவிடும். பசி எடுக்கும், உடம்பு பூசினாற்போல் ஆகும். மூலிகையின் மகிமை என்று நம்பிவிடுகிறோம். ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் பலமுறை வெளிப்படுவது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இத்தகைய கலப்படங்களைத் தொடர்ந்து கண்டுபிடித்து எச்சரித்து வருகிறது.

ஸ்டீராய்டு வலியை விரட்டுவது அழற்சியை அடக்கித்தான். அழற்சி என்பது உடம்பின் தற்காப்பு. பாதிக்கப்பட்ட இடத்தில் ரத்தக்குழாய்கள் விரிந்து வெள்ளணுக்கள் குவிவதால் சிவந்து, வீங்கி, வலிக்கிறது. இதில் பெரும்பங்கு புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளுக்கு உண்டு. ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் அதன் உற்பத்தியைத் தடுப்பதை 1971இல் விஞ்ஞானி ஜான் வேன் கண்டறிந்தார். இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். அதனால்தான் இம்மாத்திரைகளை நெடுநாள் விழுங்கினால் வயிற்றுப்புண் வரக்கூடும்.

ஸ்டீராய்டு இன்னும் ஆழமாகச் செயல்படுகிறது. செல்லுக்குள் புகுந்து, அழற்சியைத் தூண்டும் மரபணுக்களையே அடக்குகிறது. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடக்க முடியாதிருந்த ஒரு பெண்ணுக்கு மருத்துவர் பிலிப் ஹெஞ்ச் குழுவினர் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைப் போட்டார்கள். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். ஹெஞ்சுக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசோலைவிட டெக்ஸாமெத்தசோன் சுமார் 25 மடங்கு வீரியமானது. 2020இல், ஆக்சிஜன் தேவைப்பட்ட கோவிட் நோயாளிகள் பலரைக் காப்பாற்றியதும் இதுதான். அளவும் நாளும் கணக்கிட்டு மருத்துவர் தரும்போது இது உயிர்காக்கும் மருந்து.

பொட்டலத்தில் ஒளித்துவைக்கும்போது அந்தக் கணக்கு யாருக்கும் தெரிவதில்லை. மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உருண்டுபோகும். தோல் மெலிந்து, லேசாகப் பட்டாலும் கன்றும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு பலமிழக்கும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருப்பதால் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, நெடுநாள் சாப்பிட்ட மருந்தில் சந்தேகம் வந்தால் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். பொட்டலத்தோடு உடனே கிளினிக்குக்குப் போங்கள். தேவைப்பட்டால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

வாங்குமுன் உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணையும் ஹாலோகிராம் முத்திரையையும் தேடுங்கள். பாரம்பரிய மருந்தானால் இலக்கங்களை அடுத்து 'டி' என்ற எழுத்து வரும். போலி எண்களும் உலவுவதால் ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பாட்டி, தாத்தா சாப்பிடும் வலி மருந்துகளை இன்றே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.