சர்வரின் மறதி

ஜெனீவா நகருக்கு அருகில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்து, 1991-ம் ஆண்டு வாக்கில் உலவவிட்ட எச்.டி.டி.பி. என்னும் விதிமுறைக்கு ஒரு விசித்திரமான சுபாவம் உண்டு: கேட்ட கேள்விக்குப் பதில் கொடுத்த மாத்திரத்தில், கேட்டவர் யார், சற்று முன் என்ன கேட்டார் என்பதையெல்லாம் சர்வர் அடியோடு மறந்துவிடலாம். இதைக் குறை என்று எண்ணுவது பிசகு. எவரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் பாரம் இல்லாததால்தான் ஒரு சர்வர் ஓய்ந்துபோனால் மற்றொன்று அதன் ஸ்தானத்தில் தயக்கமின்றி உட்கார முடிகிறது.

வியாபாரம் என்று வந்தபோது மறதி சங்கடமாயிற்று. வாடிக்கையாளரின் பாதி முடிந்த கொள்முதல் விவரங்களைத் தன் சர்வரில் சுமக்க விரும்பாத எம்.சி.ஐ. என்ற தொலைபேசிக் கம்பெனிக்காக, அவற்றை வாடிக்கையாளரின் பிரவுசரிடமே ஒப்படைத்து, ஒவ்வொரு முறையும் திரும்பக் கொண்டுவரச் செய்யும் குக்கி என்ற உபாயத்தை 1994-ல் நெட்ஸ்கேப்பைச் சேர்ந்த லூ மொண்டுல்லி கண்டார். பிற்பாடு விவரங்கள் ‘செஷன்’ என்ற பெயரில் சர்வருக்கே போய்ச் சேர, குக்கியில் பெரும்பாலும் ஓர் அடையாளக் குறி மாத்திரம் மிஞ்சியது. கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வாங்கும் டோக்கனுக்கு ஒப்பானது அது; கொடுத்தவரிடம் நீட்டினாலன்றி அதற்கு அர்த்தம் கிடையாது.

ஜாவாவில் எழுதிய வெப் சர்வீஸை வேறொரு பாஷையில் எழுதிய நிரல் அணுகும்போது நேரும் தொல்லை இங்கேதான் பிறக்கிறது. லாகின் ஆகிவிடுகிறது, பதிலின் தலைப்பில் ‘செட்-குக்கி’ என்ற வரியில் ‘ஜேசெஷன்ஐடி’ என்ற பெயரோடு ஒரு நீண்ட எழுத்துக்கோவை வந்து சேருகிறது, ஆயினும் அடுத்த அழைப்புக்கு, ‘முதலில் லாகின் செய்க’ என்று சர்வர் கையை விரிக்கிறது. பாஷைகள் ஒத்துப்போகவில்லை என்று புரோகிராமர் சலித்துக்கொள்வார். பாவம், பாஷை நிரபராதி! யாரும் சொல்லாமலே பிரவுசர் செய்துவரும் காரியத்தை நிரலுக்கு நாம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. டாட்நெட்டின் பழைய வெப் சர்வீஸ் பிராக்ஸிக்கு ஒரு ‘குக்கி கன்டெய்னர்’ கொடுத்தாக வேண்டும். பைத்தானின் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ நூலகத்திலோ, தனித்தனியாக அழைப்பதை விட்டு, ‘செஷன்’ ஒன்றை உண்டாக்கி அதன் மூலமாகவே பேச வேண்டும். குறியைப் பிரித்துப் பார்க்காமல், வந்தபடியே திருப்பிக் கொடுப்பதொன்றே அழைப்பவரின் கடமை.

பாஷை மெய்யாகவே குறுக்கே நிற்பது, இரண்டு சர்வர்கள் ஒரே செஷனைப் பங்கிட்டுக்கொள்ள முயலும்போதுதான். பி.எச்.பி. தனக்கே உரிய வடிவத்தில் எழுதிவைப்பதை ஜாவா நேரடியாக வாசிக்காது. ஜாவாவின் பைனரி வடிவமோ பி.எச்.பி.க்குப் புரியாது. ஆகையால் இருவருக்கும் தெரிந்த ஜேசான் வடிவில், ரெடிஸ் போன்ற ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைப்பதே உசிதம். ஆயுளும் ஆளுக்கொரு விதம்: கேட்பாரற்றுக் கிடக்கும் செஷனை, மாற்றிச் சொன்னாலொழிய, ஏ.எஸ்.பி. டாட்நெட் 20 நிமிஷத்திலும் டாம்கேட் 30 நிமிஷத்திலும் கைவிட்டுவிடும்.

சர்வரில் ஞாபகமே கூடாது என்பது 2000-ல் வெளிவந்த ராய் ஃபீல்டிங்கின் ஆராய்ச்சி நூலின் கட்சி. குக்கியையே அவர் அதில் கண்டித்திருக்கிறார். 2015-ல் தர நிர்ணயம் பெற்ற ஜே.டபிள்யூ.டி. டோக்கன், விவரங்களைத் தன்னுள்ளேயே வைத்து, சர்வரின் கையொப்பத்தோடு பிரயாணம் செய்கிறது. எந்த பாஷையும் அதைச் சரிபார்க்கலாம். ஆனால் திருட்டுப்போன டோக்கனை அதன் கெடு முடியுமுன் செல்லாததாக்க வேண்டுமென்றால், செல்லாதவற்றின் பட்டியல் ஒன்றைச் சர்வர் எங்கேனும் எழுதி வைத்துக்கொண்டேயாக வேண்டும்.