பதில் வரும்வரை திரை ஏன் உறைவதில்லை?

ஸ்ரீவில்லிபுத்தூரில் அரைக் கிலோ பால்கோவா வாங்கி, கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து, பின் நம்பரைப் போடுகிறோம். திரையில் வட்டம் சுழல்கிறது. சில நொடிகளில் கல்லாவில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி தொகையைச் சொல்லிவிடுகிறது. அதற்குள் நம் கோரிக்கை யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ வழியாக இரண்டு வங்கிகளையும் தொட்டுவிட்டு வந்திருக்கிறது. அவ்வளவு நேரமும் அந்த வட்டம் நிற்காமல் சுழன்றதே, அதுதான் செயலி எழுதியவரின் கைத்திறன்.

ஆண்ட்ராய்டில் திரையை வரைவது, விரல் பட்டதைக் கவனிப்பது எல்லாமே மெயின் த்ரெட்டின் பொறுப்பு. நொடிக்கு 60 முறை திரை மாற வேண்டுமானால் ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது சுமார் 16 மில்லிநொடி. வங்கியின் பதிலுக்காக மெயின் த்ரெட் காத்து நின்றால் திரை உறைந்துவிடும். 5 நொடி அப்படியே கிடந்தால், செயலியை மூடிவிடலாமா என்று ஆண்ட்ராய்டே கேட்கும்.

அதனால் காத்திருக்கும் வேலை பின்னணி த்ரெட்டுக்குப் போகிறது. கூடவே ஒரு ஃபங்ஷனும் போகிறது: வேலை முடிந்ததும் இதை அழை. இதுதான் கால்பேக். யுபிஐ அமைப்பும் இதே முறையில்தான் இயங்குகிறது. 'கோரிக்கை கிடைத்தது' என்ற ஒப்புதல் உடனே வரும், முடிவு பிறகு தனியாக வரும்.

சிக்கல், கேட்டவர் அங்கே இல்லாதபோதுதான். ராஜபாளையம் பஸ் கிளம்புகிறதென்று போனைப் பைக்குள் போட்டு ஓடுகிறோம். திரை மூடிவிட்டது, பதில் அதன்பிறகு வருகிறது. போனைப் பக்கவாட்டில் திருப்பினாலும் பொதுவாக ஆண்ட்ராய்டு பழைய திரையை அழித்துப் புதிதாக ஒன்றை உருவாக்கும். இல்லாத திரையில் எழுதப்போகும் கால்பேக் செயலியையே கவிழ்த்துவிடலாம். 2009-ல் வந்து ஒரு தலைமுறைக்கே பின்னணி வேலையைப் பழக்கிய அசிங்க்டாஸ்க், 2020-ல் ஆண்ட்ராய்டு 11-உடன் கைவிடப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதற்குப் பதிலாக இன்று பலரும் கோட்லின் மொழியின் கோரூட்டீன்களை எழுதுகிறார்கள். திரை போனால் அதற்காக ஓடிய வேலையும் ரத்தாகும்படி செய்யலாம்.

ஆனால் பணம் அப்படி ரத்தாகாது. பதில் வராததைத் 'தோல்வி' என்று காட்டும் செயலி ஆபத்தானது. நம்பியவர் இன்னொரு முறை பணம் அனுப்பிவிடுவார். பரிவர்த்தனை எண்ணைச் சேமித்து வைத்து, செயலி திரும்பத் திறக்கும்போது நிலவரத்தைக் கேட்டு, அதுவரை 'நிலுவையில்' என்று சொல்வதே நேர்மை. கடைக்கு உறுதி வராமல் கணக்கில் மட்டும் பணம் கழிந்திருந்தால் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-ல் விதித்திருக்கிறது.