போஞ்சியின் வேரும் மண்ணின் நுண்ணங்கிகளும்: ஒரு சமூகவியல் நோக்கு

அவரையினப் பயிர்கள் தாம் நின்ற நிலத்தை வளப்படுத்திச் செல்கின்றன என்பது உழவர் நெடுங்காலமாக அறிந்த செய்தியாகும். அதன் காரணம் தெளிவானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே. 1886இல் ஜேர்மனியரான ஹெல்றீகலும் வில்பார்த்தும் இப்பயிர்களின் வேர்ச் சிறுகணுக்களிலேயே வளியின் நைதரசன் பிடிக்கப்படுகின்றது என்பதை எடுத்துக்காட்டினர். 1888இல் ஒல்லாந்தரான பெய்ஜறிங்க் அச்சிறுகணுக்களினின்றும் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று நாம் றைசோபியம் என வழங்குவது இவ்வகைப் பற்றீரியாவையே. நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வறிவு யாருடைய பயிருக்குப் பயன்பட்டது, யாருடைய பயிருக்குப் போதியளவு பயன்படவில்லை என்ற வினா, விஞ்ஞானிகளிடம் மட்டும் விட்டுவிடத்தக்கதன்று. இலக்கிய மாணவனொருவன் இத்துறையில் நுழைவதற்கும் அதுவே நியாயம்.

முதலில் இயக்கத்தை நோக்குவோம். வளியின் ஏறத்தாழ 78 சதவீதம் நைதரசனாயினும் தாவரம் அதனை நேரே உட்கொள்ள இயலாது. போஞ்சியின் வேர் கசியவிடும் சில பதார்த்தங்களை உணர்ந்த பற்றீரியா, மறுமொழியாகத் தானும் ஓர் இரசாயனச் சமிக்ஞையை விடுக்கின்றது. வேர்மயிர் சுருண்டு அதனை உள்வாங்க, சிறுகணு தோன்றுகின்றது. தாவரம் வெல்லப் பொருளை வழங்க, பற்றீரியா நைதரசனை அமோனியாவாக்கிக் கொடுக்கின்றது. நன்கு தொழிற்படும் சிறுகணுவை நகத்தால் வெட்டினால் உட்புறம் இளஞ்சிவப்பாயிருக்கும். அது ஒட்சிசனைக் கட்டுப்படுத்தும் புரதமொன்றின் நிறமாகும். நமது குருதியின் சிவப்புக்குக் காரணமான புரதத்துக்கு உறவானது. உட்புறம் வெளிறியோ பச்சையாகவோ இருப்பின் அச்சிறுகணு உழைக்கவில்லை என்பது பொருள். மண்ணில் யூரியா மிகுந்திருந்தால் தாவரம் சிறுகணுக்களை உருவாக்குவதையே குறைத்துக்கொள்ளும் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

ஊட்டுவதோடு காப்பதற்கும் நுண்ணங்கிகள் உள. போஞ்சியின் வேரழுகலுக்குப் பியூசேரியம், றைசொக்ரோனியா முதலிய பங்கசுகள் காரணமாகின்றன. திரைக்கோடெர்மா என்னும் பிறிதொரு பங்கசு அவற்றின் இழைகளைச் சுற்றிப் படர்ந்து, நொதியங்களைச் சுரந்து அவற்றின் சுவர்களைக் கரைக்கின்றது; வேரின் புறத்தே முந்தி இடம்பிடித்து அவற்றுக்கு இடமில்லாமலுஞ் செய்கின்றது. வேரோடு இணைந்து வாழும் மற்றுஞ் சில பங்கசுகள் வேர் எட்டாத தூரத்திலிருந்து பொசுபரசைக் கொணர்கின்றன. சிறுகணுக்களுக்குப் பொசுபரசு பெரிதும் வேண்டப்படுவதால், காப்பும் ஊட்டமும் தனித்தனி விடயங்களல்ல. ஆயின் இவையனைத்தும் உயிர்கள். வெயிலிற் காயும், பங்கசுநாசினி பூசிய விதையில் மடியும், சில மாதங்களுக்கு மேற் களஞ்சியத்தில் நிலைப்பது அரிது. இரசாயனப் பசளை மூடையைப்போல இவற்றை நினைத்தவிடத்து அடுக்கிவைக்க இயலாது.

பண்டவுலகில் இவ்வேறுபாடு சிறிதன்று. லீபிக்கின் மண்ணியல் ஆய்வுகளைக் கற்ற மார்க்ஸ், 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்திலேயே முதலாளித்துவ வேளாண்மை தொழிலாளியோடு மண்ணையும் சூறையாடுவதைச் சுட்டினார். சூறையாடப்பட்ட வளத்தை ஈடுசெய்யும் நைதரசன் பின்னர் போருக்கும் பொருளாயிற்று. 1879 முதல் சிலி, பெரு, பொலிவியா ஆகிய நாடுகள் பொருதியது வெடியுப்பு நிலங்களை முன்னிட்டே. 1913இல் ஜேர்மனியின் ஒப்பாவில் அமோனியாத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியபின், பசளைக்கும் வெடிமருந்துக்கும் மூலம் ஒன்றேயாயிற்று. நுண்ணங்கியும் சந்தைக்கு வராமலில்லை. நொப்பேயும் ஹில்ற்னரும் 1890களின் நடுப்பகுதியிலேயே ‘நைத்திரஜின்’ என்ற பெயரில் அதற்குக் காப்புரிமை பெற்றனர். எனினும் ஆலையின் பெருமூலதனத்துக்கு முன் அது ஓரமாகவே நின்றது.

விதிவிலக்கு பிறேசில். செக்கோசிலோவாக்கியாவிற் பிறந்து, போருக்குப்பின் அந்நாட்டில் குடியேறிய யோகன்னா டோபறைனர் (1924–2000), சோயாவில் நைதரசன் பசளையை நாடாது, பற்றீரியாவை நம்பியே இனத்தெரிவு செய்தல் வேண்டும் என 1960களில் வலியுறுத்தினார். அதன் பயனாக இன்று அங்கு சோயா பெரும்பாலும் நைதரசன் பசளையின்றியே விளைகின்றது. மகத்தான சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் சோயா யாருடைய பயிர்? பெருநிலவுடைமையின் பயிர், பிறநாட்டுக் கால்நடைகளுக்கு ஏற்றுமதியாகும் தீனி. அதே நாட்டில் உழைக்கும் மக்கள் நாள்தோறும் சோற்றுடன் உண்ணும் போஞ்சி விதைக்கு நுண்ணங்கி பூசும் வழக்கம் இன்னும் பரவலாகவில்லை. அப்போஞ்சியிற் கணிசமான பங்கை விளைவிப்போர் சிறு குடும்ப உழவர்கள்.

இதனை வெறும் வர்க்கச் சதியாகக் காண்பது இலகுவானதும் பிழையானதுமாகும். போஞ்சி உயிரியல் ரீதியாகவே கடினமான பயிர். மண்ணிலுள்ள திறனற்ற பற்றீரியாக்களையும் அது ஏற்றுக்கொள்வதால், பூசப்பட்ட நல்லினத்துக்கு இடங்கிட்டுவதில்லை. அதன் ஆயுளும் குறுகியது. சிறுகணு முழுவலிமை பெறுமுன்னரே பூத்துவிடும். ஆயினும் இன்னொன்று உண்டு. நைதரசன் பசளையிட்ட பாத்திகளில் இனத்தெரிவு செய்யும்போது, சிறுகணு வளர்க்கும் திறன் தெரிவாளனின் கண்ணுக்குப் புலப்படுவதேயில்லை. பயிரின் இயல்பு என நாம் கொள்வதில் ஒரு பகுதி, தெரிவின் வரலாறு. கொலம்பியாவிற் பெறப்பட்டு, அமில மண்ணையும் வெப்பத்தையும் தாங்கும் றைசோபியம் திரோப்பிசி என்ற இனம் பிறேசிலிற் போஞ்சிக்குப் பரிந்துரைக்கப்பட்டமை, கடினம் என்பது இயலாமையன்று என்பதைக் காட்டும்.

இலங்கைக்கு இவ்விடயம் அந்நியமன்று. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்து இழப்பை நெல் விவசாயிகளும் மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளரும் சுமந்தனர். றைசோபியம் நெல்லுக்குச் சிறுகணு தராது. போஞ்சிக்கும் வர்த்தமானி அறிவித்தலாற் சிறுகணு தோன்றாது. யூரியாவிற் பழகிய வெலிமடை, நுவரெலியாப் போஞ்சித் தோட்டங்களில், அவ்வம் மண்ணிலிருந்தே திறனுள்ள பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்து, பசளையிடாத பாத்திகளில் இனங்களைச் சோதித்து, கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் குளிரிற் பேணிய கலவையை விதைப்புக் காலத்துக்குள் கையளிக்க வேண்டும். இதற்குப் பல போகங்கள் செல்லும். இடையில் விளைச்சல் குறையுமாயின் அந்நட்டத்தை ஏற்பது சிறு விவசாயியா, அரசா என்பதைத் தொடங்குமுன்னரே தீர்மானித்தல் வேண்டும். 2021இல் அது தீர்மானிக்கப்படவில்லை.