சும்மா கிடக்கிற நிலமா?

சென்னையில் மந்தைவெளி என்று ஒரு பேட்டை இருக்கிறது. அங்கே குடியிருக்கும் சகோதரிகள், அந்தப் பெயரின் அர்த்தத்தை என்றைக்காவது யோசித்ததுண்டா? மந்தை கூடுகிற வெளி, மந்தைவெளி. இன்று அங்கே மந்தையாகக் கூடுபவை பஸ்களும் ஆட்டோக்களுமே. மாடுகள் போய்விட்டன, பெயர் மட்டும் போகாமல் நிற்கிறது!

ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இப்படி ஒரு வெளி உண்டு. சர்க்கார் கணக்கில் அதற்கு "மேய்க்கால் புறம்போக்கு" என்று பெயர். தனி ஒருவருக்குப் பட்டா கிடையாது. ஊரார் எல்லோருடைய ஆடு மாடுகளுக்கும் பொது. "புறம்போக்கு" என்ற நல்ல வார்த்தையை நாம் வசவாக்கி விட்டோம். வார்த்தைக்கு நேர்ந்த கதிதான் நிலத்துக்கும் நேர்ந்தது.

இப்படிப்பட்ட நிலத்தைக் கவனித்துக் கொள்வதற்கென்றே ஓர் உத்தியோகம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? மேய்ச்சல் நில நிர்வாகி என்று அதைச் சொல்லலாம். அமெரிக்காவில் 1930-களில் வறட்சி வந்து, புல் போன பூமியிலிருந்து மண் புழுதிப் புயலாகக் கிளம்பி ஊர்களையே மூடியது. அந்தச் சமயத்தில்தான், 1934-இல், பொது மேய்ச்சல் நிலத்துக்கு அங்கே ஒரு சட்டம் பிறந்தது. 1948-இல் இந்தத் தொழில் தெரிந்தவர்கள் ஒரு சங்கமும் அமைத்தார்கள். நம் தேசத்திலும் ஜான்சியில் 1962-இல் புல்லுக்கும் தீவனத்துக்குமாக ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது.

அந்த நிர்வாகி என்ன செய்வார்? நீங்கள் மாதம் முதல் தேதியன்று மளிகைச் சாமான் கணக்குப் போடுகிறீர்களே, அதையேதான் அவரும் செய்கிறார். ஒரு மீட்டர் சதுரத்துக்குச் சட்டம் ஒன்றை நிலத்தில் போட்டு, அதற்குள் இருக்கும் புல்லை அறுத்து, காயவைத்து, நிறுத்துப் பார்ப்பார். இப்படிப் பல இடங்களில் பார்த்துச் சராசரி எடுப்பார்.

சராசரி இருநூறு கிராம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஏக்கருக்குச் சுமார் 800 கிலோ ஆயிற்று. அவ்வளவையும் மாட்டுக்குக் கொடுத்துவிடலாமா? கூடாது! பாதியை நிலத்திலேயே விட்டுவிட வேண்டும். மீதி 400 கிலோ. முந்நூறு கிலோ எடையுள்ள பசு ஒன்றுக்கு நாளுக்கு ஆறு கிலோவாவது உலர்ந்த தீவனம் வேண்டும். ஆகவே அந்த ஏக்கர் ஒரு பசுவுக்கு இரண்டு மாதத்துக்குச் சற்றே கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

பாதியை ஏன் விட வேண்டும்? புல்லுக்கு இலைதான் அடுப்பு. இலையில் சமைத்ததைத்தான் வேர் சாப்பிடுகிறது. அடிவரை மேயவிட்டு, துளிர்க்கத் துளிர்க்க மறுபடியும் மேயவிட்டால் வேர் சுருங்கிப் போகும். பிறகு மண் கட்டாந்தரையாகும். ஐப்பசி மழை உள்ளே இறங்காமல் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடும். ஆகவே நிலத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்றவற்றுக்கு ஓய்வு கொடுப்பதே இந்தத் தொழிலின் உயிர்நாடி.

இது சீமைச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். காங்கேயம் பக்கத்துக் குடியானவர்களுக்கு இது பரம்பரைப் பாடம். அங்கே "கொரங்காடு" என்று மேய்ச்சல் காடு வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். ஒரு காட்டில் மேய்ந்த மாடு அடுத்த காட்டுக்கு மாறும். கோடையில் புல் காய்ந்துவிட்டால் வெள்வேலங்காய் தீவனமாகும். பெயர்பெற்ற காங்கேயம் காளை இந்தக் காட்டில் வளர்ந்ததுதான்.

கொரங்காட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு, கணக்குப் பார்க்கிறார். பொது நிலத்துக்கு யார் கணக்குப் பார்ப்பது? சென்னைக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டிப் பக்கம் போனால் இந்தக் கேள்வி உறைக்கும். திருவள்ளூர் மாவட்டம் "சென்னைச் சிவப்பு" என்ற செம்மறியாட்டின் தாய்வீடு. ஆனால் கவனிப்பாரற்ற புறம்போக்குகளில் வேலிகாத்தான் முள் புகுந்துவிடுகிறது. அதன் காயைத் தின்ற ஆடு மாடுகளே சாணத்தோடும் புழுக்கையோடும் விதையைப் பரப்புகின்றன. முள் மண்டிய நிலத்தைப் பார்த்து, "சும்மாதானே கிடக்கிறது!" என்று சொல்லுவது வெகு சுலபம்.

முள் மண்டாத நிலத்துக்கும் ஆபத்து இல்லாமலில்லை. கும்மிடிப்பூண்டி தாலுகாவில் தேர்வாய்கண்டிகை என்ற ஊர். அங்கே ஊரார் ஆடு மாடு மேய்த்துவந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போயிற்று. தங்கள் ஏரிகளுக்குத் தண்ணீர் தரும் காடு அது என்று சொல்லி ஊரார் போராடினார்கள். பிரெஞ்சு டயர்க் கம்பெனியான மிஷெலின் அங்கே தொழிற்சாலை கட்டியதால், 2012-இல் விவகாரம் பாரிஸ் நகரம் வரைக்கும் புகாராகப் போயிற்று. தொழிற்சாலை நின்றுவிடவில்லை.

தொழிற்சாலையே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் பட்டா இல்லாத ஏழைப் பெண்ணுக்கு இரண்டு ஆடுதான் பாங்கி, மேய்ச்சல் வெளிதான் அதன் வட்டி. மகளின் பள்ளிச் செலவும், திடீர் வைத்தியச் செலவும் அதிலிருந்துதான் வருகின்றன. நிலம் போகும்போது பட்டாதாரருக்கு நஷ்டஈடு கிடைக்கும். அவளுக்கு எந்தக் கணக்கில் கொடுப்பது?

கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்கும்படி 2011 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஐக்கிய நாடுகள் சபையோ 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக அறிவித்தது.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்களுக்கும் பிறந்த ஊர் என்று ஒன்று இருக்குமே! அடுத்த தடவை போகும்போது, அந்த ஊரின் 'அ' பதிவேட்டில் மேய்க்கால் என்று எவ்வளவு நிலம் எழுதியிருக்கிறது என்று விசாரியுங்கள். பிறகு நேரில் போய்ப் பாருங்கள். ஏட்டில் இருப்பது பூமியில் இல்லாவிட்டால், கிராம சபை கூடும்போது அண்ணனையோ தம்பியையோ, ஏன், மதினியையோ எழுந்து கேட்கச் சொல்லுங்கள். கேட்க ஆள் இருக்கிற நிலத்தை யாரும் "சும்மா கிடக்கிறது" என்று சொல்லத் துணிய மாட்டார்கள்.