அமெரிக்கப் பூர்வகுடிகளின் நிலப் பங்கீடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பூர்வகுடிகளின் நிலங்கள் பெரும்பாலும் இனத்தாருக்குப் பொதுவாயிருந்தன. 1887-ஆம் வருஷத்து டாஸ் சட்டத்தின்படி அரசாங்கத்தார் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் வீதம் பிரித்தளித்து, எஞ்சியதை உபரியென்று வெள்ளைக் குடியேறிகளுக்கு விற்றனர். முழுப் பாத்தியம் பெற்ற பலரும் வரி செலுத்த மாட்டாமல் நிலம் இழந்தனர். ஆதியில் சுமார் 13 கோடியே 80 லட்சம் ஏக்கர் இருந்தது; 1934-இல் இம்முறை நிறுத்தப்பட்டபோது மிஞ்சியது சுமார் 4 கோடியே 80 லட்சமே.

தீங்கு அத்துடன் ஒழியவில்லை. அரசாங்கப் பொறுப்பிலிருந்த பங்குகளில், உடையவர் இறந்தபின் நிலம் அளந்து பிரிக்கப்படாமல் பாத்தியம் மட்டுமே வாரிசுகளிடையே பிரிந்தது. தலைமுறைதோறும் பாகஸ்தர்கள் பெருகி, இன்று ஒரே நிலத்துக்கு நூற்றுக்கணக்கானோர் உரியவராவதும் உண்டு. உரிய அளவு பாகஸ்தர்கள் சம்மதியாவிடில் குத்தகைக்கு விடவும் இயலாது. நல்ல நிலமும் தரிசாய்க் கிடக்கிறது.

பெயர் பதிவில் இருப்பது வேறு, ஏர் பூட்ட இயல்வது வேறு என்பதை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் இதனால் அறியலாம்.